செருகியதும் சொல்லும் இரண்டு எண்கள்

ராணிப்பேட்டையில் தெரிந்தவர் ஒருவரின் தோல் பதனிடும் டேனரி. சுண்ணாம்பிலிருந்து எடுத்துச் சதை நீக்கிய தோலை டிரம்முக்குள் தள்ளும் முன் எடை போடுவார்கள். அந்த எடைக்கு இத்தனை சதவீதம் என்றுதான் பின்னால் போகும் கெமிக்கல் எல்லாம் கணக்கு. பல வருஷம் அந்த எடை சாக்பீஸில் சுவரேறியது, அப்புறம் நோட்டுக்கு வந்தது. நேராகக் கம்ப்யூட்டரிலேயே ஏறிவிடட்டும் என்று முதலாளி ஆசைப்பட்டு, யுஎஸ்பி வைத்த புது எடை மெஷின் வாங்கினார். கம்ப்யூட்டரில் இருப்பது லினக்ஸ். அதில் ஓடும் புரோகிராமை எழுதிக் கொடுத்தவன் நான் என்பதால், கேபிளைச் செருகியும் ஒன்றும் வராதபோது போன் எனக்கு வந்தது.

"இன்னா சார், மெஷின் புதுசு, கேபிள் புதுசு, லைட்டும் எரியுது. கம்ப்யூட்டர்தான் கண்டுக்கவே மாட்டேங்குது" என்றார் சூப்பர்வைசர்.

போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் கண்டுகொண்டுதான் இருந்தது. புது யுஎஸ்பி கருவி வந்திருக்கிறது, வெண்டார் ஐடி (கம்பெனிக்கான எண்) 0403 என்று லினக்ஸின் மையமான கர்னல் எழுதும் லாக்கில் ஒரு வரி. அதை ஒட்டி நான் முன்பின் பார்த்திராத ஒரு பிராடக்ட் ஐடி (பொருளுக்கான எண்). அதோடு சரி. அடுத்து வர வேண்டிய சீரியல் போர்ட், அதாவது புரோகிராம் எடையைப் படிக்கும் வழி, வரவில்லை. வாசலில் வந்து நின்றவர் பேரைச் சொல்லிவிட்டார்; வீட்டில் யாருக்கும் அந்தப் பேர் பழக்கமில்லை. அவ்வளவுதான் நடந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெண்டார் ஐடியை இந்தத் தொழிலில் சுருக்கமாக விஐடி என்பார்கள். வேலூரில் யாரிடமாவது விஐடி என்று கேட்டால் அந்தப் பேரில் பல்கலைக்கழகம் இருக்கும் காட்பாடிக்குப் பஸ் ஏற்றிவிடுவார்கள். குழப்பம் வேண்டாம், வெண்டார் ஐடி என்று முழுசாகவே எழுதுகிறேன்.

யுஎஸ்பியின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வந்தது. அதற்கு முந்தைய சீரியல் போர்ட்டில் கருவி தன்னைப் பற்றி வாய் திறக்காது. மறுமுனையில் இருப்பது மோடமா, எடை மெஷினா, மவுஸா என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நாம்தான் சொல்லித் தர வேண்டும். யுஎஸ்பியில் எதைச் செருகினாலும் அது முதலில் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்று விதி வைத்தார்கள். செருகியதும் கம்ப்யூட்டர் அந்தக் கருவியை ஒருமுறை ரீசெட் செய்கிறது. அந்த நேரத்தில் கருவியின் முகவரி பூஜ்யம். 'நீ யார்' என்று கேட்டு, 1 முதல் 127 வரை உள்ள ஒரு முகவரியை அதற்கு ஒதுக்கி, அதன் முழு அறிமுகத்தையும் வாங்கிக்கொள்கிறது. அந்த அறிமுகம் 18 பைட்தான். டிவைஸ் டிஸ்கிரிப்டர் என்று பெயர்.

18 பைட்டில் பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 8, 9ஆம் இடங்களில் வெண்டார் ஐடி, 10, 11இல் பிராடக்ட் ஐடி, 12, 13இல் கருவியின் வெளியீட்டு எண். வயரில் சின்னப் பக்கம் முதலில் வரும். அதாவது 0403 என்ற எண் 03, பிறகு 04 என்று வந்து சேரும். புரோட்டோகால் அனலைசரில் முதன்முதலாகப் பார்ப்பவர்கள் இங்கே ஒரு தடவையாவது ஏமாறுவார்கள். நானும் ஏமாந்திருக்கிறேன்.

ஒவ்வொரு எண்ணும் 16 பிட், ஆக 65,536 வெண்டார்களுக்கு இடம் உண்டு. ஒவ்வொரு வெண்டாரும் 65,536 வகைப் பொருள் வரை எண் போட்டுக்கொள்ளலாம். வெண்டார் ஐடியைக் கொடுப்பது யுஎஸ்பி இம்ப்ளிமென்டர்ஸ் ஃபோரம் என்ற அமைப்பு. பிராடக்ட் ஐடியை அந்தந்த வெண்டாரே தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். இதை விளக்க எங்கள் ஊர் வண்டி நம்பர்ப் பலகை வசதி. டிஎன் 23 என்றால் வேலூர். அதற்குப் பின்னால் எந்த எண்ணை எந்த வண்டிக்குக் கொடுப்பது என்பது அந்த ஆர்டிஓ ஆபீஸின் வேலை. 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது வீடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போனது, வண்டியில் 23 அப்படியே நின்றது. கம்பெனிகளிலும் இதேதான். சிப் செய்யும் ஏடிமெல் கம்பெனியை 2016இல் மைக்ரோசிப் வாங்கிவிட்டது. ஆனால் ஏடிமெல் எண்ணோடு பிறந்த சில்லுகள் இன்றும் அந்த எண்ணைத்தான் சொல்கின்றன. எண்ணைப் பார்த்து இப்போதைய முதலாளி யார் என்று முடிவு கட்ட முடியாது.

இந்த எண்களில் கொஞ்சம் விளையாட்டும் உண்டு. இன்டெல் தனக்கு எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று 8087. அது 8086 சிப்புக்குத் துணையாக அவர்களே செய்த கணக்குச் சிப்பின் பெயர்.

எல்லாக் கருவிக்கும் இந்த இரண்டு எண்கள் முக்கியமா என்றால், இல்லை. கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ் போன்றவை கிளாஸ் என்ற இன்னொரு அடையாளத்தையும் சொல்கின்றன. கீபோர்டு, மவுஸ் வகைக்கு 03, பிரின்டருக்கு 07, பென் டிரைவ் வகைக்கு 08. கிளாஸ் தெரிந்தால் போதும், எந்தக் கம்பெனி மவுஸாக இருந்தாலும் ஒரே டிரைவர், அதாவது கருவியோடு பேசும் மென்பொருள், பார்த்துக்கொள்ளும். மருந்துக் கடை கவுன்டரில் இருக்கும் பார்கோடு ஸ்கேனர் பெரும்பாலும் தன்னைக் கீபோர்டு என்றே சொல்லிக்கொள்கிறது. அதனால்தான் அதற்கு யாரும் டிரைவர் போடுவதில்லை. சிக்கல் 'நான் எந்த வகையிலும் சேராதவன், என் பாஷை தனி' என்று சொல்லும் கருவிகளிடம். யுஎஸ்பியைப் பழைய சீரியல் போர்ட்டாக மாற்றும் சில்லுகளில் பல இந்த ரகம். எடை மெஷின், பால் பரிசோதிக்கும் மெஷின், சிஎன்சி மெஷின் என்று சீரியல் பேசுகிற எதுவும் யுஎஸ்பி வைத்துக்கொண்டால் உள்ளே இப்படி ஒரு சில்லு இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே டிரைவரைத் தேர்ந்தெடுக்க வெண்டார், பிராடக்ட் எண்களை விட்டால் வேறு வழி இல்லை.

சரி, லினக்ஸ் டிரைவருக்குள் இந்த எண்களை எப்படிப் போடுவது? டிரைவரின் சி மொழிக் கோப்பில் ஒரு அட்டவணை இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு வெண்டார் ஐடி, ஒரு பிராடக்ட் ஐடி. கடைசியில் ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரி அலங்காரம் இல்லை. அட்டவணை எத்தனை வரி என்று கர்னலுக்கு யாரும் சொல்வதில்லை. காலி வரி வரும்வரை படித்துக்கொண்டே போகும். அதை மறந்தால் அட்டவணைக்கு அப்பால் மெமரியில் கிடப்பதை எல்லாம் எண் என்று நினைத்துப் படிக்கும்.

அட்டவணைக்குக் கீழே இன்னொரு வரி வேண்டும். 'இந்த அட்டவணையை வெளியே தெரியும்படி எழுதி வை' என்று சொல்லும் மாட்யூல் டிவைஸ் டேபிள் என்ற மேக்ரோ அது. முதல் டிரைவர் எழுதும் மாணவர்கள் அதிகம் விடுவது இதைத்தான். கையால் மாட்யூலை (கர்னலில் ஏற்றும் டிரைவர் கோப்பை) ஏற்றினால் எல்லாம் ஒழுங்காக ஓடும், அதனால் விட்டது தெரியாது. மறுநாள் கம்ப்யூட்டரை ஆன் செய்து கருவியைச் செருகினால் அமைதி. காரணம் இது: செருகியதும் கர்னல் அந்தக் கருவியின் எண்களைக் கோத்து, வி0403பி6001 என்கிற மாதிரி ஒரு நீண்ட சரத்தை வெளியே விடுகிறது. எந்தச் சரத்துக்கு எந்த மாட்யூல் என்ற பட்டியல் ஒரு கோப்பில் முன்பே தயாராக இருக்கும். அந்தக் கோப்பை உருவாக்கும் நிரல் டிரைவரின் சோர்ஸ் கோடைப் படிப்பதில்லை. மேக்ரோ வெளியே எழுதி வைத்ததைத்தான் படிக்கும். மேக்ரோ இல்லையென்றால் பட்டியலில் பேர் இல்லை. பட்டியலில் பேர் இல்லையென்றால் மாட்யூலை யாரும் எழுப்ப மாட்டார்கள்.

டேனரிக்குத் திரும்புவோம். 0403 என்பது எஃப்டிடிஐ என்ற ஸ்காட்லாந்துக் கம்பெனியின் எண். அவர்களுடைய புகழ்பெற்ற சீரியல் சில்லுக்கு 6001 என்ற பிராடக்ட் எண். அந்தச் சில்லை வாங்கித் தங்கள் மெஷினுக்குள் வைக்கும் கம்பெனிகளுக்குத் தனியாகப் பிராடக்ட் எண்களை எஃப்டிடிஐயே ஒதுக்கித் தரும். லினக்ஸில் அவர்கள் டிரைவரின் அட்டவணை நூற்றுக்கணக்கான வரிக்கு நீண்டிருப்பது இதனால்தான். எங்கள் எடை மெஷினும் அப்படி ஒரு தனி எண்ணோடு வந்திருந்தது, அந்த நீண்ட பட்டியலில் அது மட்டும் இல்லை.

எனக்கு அவசரம். சீரியல் கருவிகளுக்கு லினக்ஸில் ஒரு பொது டிரைவர் உண்டு. ஏற்றும்போதே வெண்டார், பிராடக்ட் எண்களைக் கொடுத்தால் எந்தக் கருவியையும் பிடித்துக்கொள்ளும். வெண்டார் இடத்தில் 0403 என்று அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அடித்தேன். கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். சித்திரை வெயில், மேலே தகரக் கூரை, பக்கத்தில் சுண்ணாம்பு வாடை. அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது.

இந்த எண்களை எல்லோரும் ஹெக்ஸில் எழுதுவதுதான் வழக்கம், அதாவது பதினாறு அடிமானத்தில். ஹெக்ஸ் என்று காட்ட முன்னால் பூஜ்யமும் எக்ஸும் சேர்க்க வேண்டும். நான் எக்ஸை விட்டுவிட்டேன். வெறும் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை சி மொழியும் கர்னலின் பாராமீட்டர் படிப்பானும் எட்டு அடிமானமாக எடுத்துக்கொள்ளும். ஆக நான் 0403 என்று அடித்தது கர்னலுக்கு 259. ஹெக்ஸில் அதே 0403 என்பது 1027. நாம் சாதாரணமாகப் படித்தால் 403. ஒரே நான்கு இலக்கம், மூன்று அர்த்தம், எதிலும் தவறு என்று கர்னல் சொல்லாது. இல்லாத ஒரு 259ஆம் வெண்டாருக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும்.

ஆண்ட்ராய்டில் ஆப் எழுதுகிறவர்களுக்கும் இதே பள்ளம் காத்திருக்கிறது. எந்தக் கருவி செருகினால் தங்கள் ஆப் திறக்க வேண்டும் என்று ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதுவார்கள். அங்கே வழக்கம் பத்தடிமானம். மாணவர்கள் புராஜெக்ட்டுக்குப் பயன்படுத்தும் ஆர்டுயினோ போர்டின் வெண்டார் ஐடி ஹெக்ஸில் 2341, அந்தக் கோப்பில் 9025. 2341 என்று அப்படியே எழுதி வைத்துவிட்டு, போனில் ஓடிஜி (யுஎஸ்பி கருவியைப் போனில் செருகும் வசதி) சரியில்லை என்று கேபிளை மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணில் ஏ, பி, சி என்று எழுத்து கலந்திருந்தால் ஹெக்ஸ் என்று உடனே தெரிந்துவிடும். எல்லாமே இலக்கமாக இருக்கும் எண்கள்தான் ஆபத்து.

எக்ஸைச் சேர்த்ததும் போர்ட் வந்துவிட்டது. சூப்பர்வைசர் டீ சொல்லிவிட்டார். திரையில் எடை வரவில்லை. தட்டில் ஒன்றுமே இல்லாதபோதும் 01 60, 01 60, 01 60 என்று ஓடிக்கொண்டே இருந்தது. தோலை வைத்தால் நடுவில் கொஞ்சம் குப்பை, மறுபடி 01 60.

என்னைக் கேட்டால், இந்த எண்கள் விஷயத்தில் புரிந்துகொள்ள வேண்டிய பெரிய செய்தி இந்த 01 60தான். எஃப்டிடிஐ சில்லு அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முன்னால் இரண்டு பைட் நிலவரம் வைக்கும், லைன் எப்படி இருக்கிறது என்று சொல்ல. தகவலே இல்லாவிட்டாலும் சுமார் 16 மில்லி விநாடிக்கு ஒருமுறை அந்த இரண்டு பைட்டை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சில்லுக்கென்று எழுதிய டிரைவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு மீதியைத் தரும். பொது டிரைவருக்கு அந்தப் பழக்கம் தெரியாது, அதையும் எடை என்று நினைத்து நீட்டியது. வேகத்தை 9600க்கு வைக்கச் சொல்லும் கட்டளையும் அந்தச் சில்லுக்குத் தனி. அதுவும் பொது டிரைவருக்குத் தெரியாது, அதனால் நடுவில் வந்தது குப்பை. எண்ணைச் சேர்த்தால் கதவு திறக்கிறது. உள்ளே வந்தவரோடு பேச அவர் பாஷை தெரிந்திருக்க வேண்டும். டிரைவரில் ஒரு எண்ணைச் சேர்ப்பது என்பது 'இந்த ஆள் எப்படி நடந்துகொள்வான் என்று எனக்குத் தெரியும்' என்று ஜாமீன் கையெழுத்துப் போடுவது மாதிரி. பொது டிரைவரே இதைச் சொல்லத்தான் செய்கிறது: ஏற்றும்போது, இது சோதனைக்கு மட்டும், உங்கள் கருவியை முறையான டிரைவரில் சேர்க்கச் சொல்லுங்கள் என்று லாக்கில் எழுதும். யார் படிக்கிறார்கள்.

பொது டிரைவரை இறக்கிவிட்டு எஃப்டிடிஐ டிரைவரை ஏற்றினேன். ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரின் அட்டவணையில் சோர்ஸ் கோடைத் தொடாமலே ஒரு வரி சேர்க்க வழி உண்டு. சிஸ் கோப்பகத்தில் அந்த டிரைவருக்குக் கீழே நியூ ஐடி என்று ஒரு கோப்பு. அதற்குள் இரண்டு எண்களை எழுதினால் போதும். வேடிக்கை என்னவென்றால் இங்கே எண்களை ஹெக்ஸ் என்றே எடுத்துக்கொள்ளும், எக்ஸ் போட வேண்டியதில்லை. ஒரே கர்னல், இரண்டு கதவு, இரண்டு சட்டம். எழுதிய உடனே போர்ட் வந்தது. சில்லின் எந்த மாடல் என்பதை அந்த டிரைவர் வெளியீட்டு எண்ணைப் பார்த்துத் தானே முடிவு செய்துகொண்டது. தோலைத் தூக்கித் தட்டில் போட்டார்கள், 42.5 என்று வந்தது. டீயும் வந்தது.

நியூ ஐடியில் எழுதியது ரீபூட்டில் போய்விடும். அதனால் கருவியைச் செருகும்போதெல்லாம் அந்த ஒரு வரியை எழுதும்படி யூடெவ் விதி ஒன்று (கருவி வந்ததும் என்ன செய்வது என்று லினக்ஸுக்குச் சொல்வது) போட்டுவிட்டு வந்தேன். நிரந்தர வழி கர்னலுக்கே இரண்டு வரித் திருத்தம், அதாவது பேட்ச், அனுப்புவது. பழைய நிலையான கர்னல்களுக்குப் புது வசதி எதையும் சேர்க்க மாட்டார்கள், ஆனால் புதுக் கருவி எண் சேர்ப்பதற்கு மட்டும் விதியிலேயே இடம் விட்டிருக்கிறார்கள். சின்ன பேட்ச், ஆரம்பிப்பவர்களுக்கு நல்ல முதல் வேலை. ஆனால் 'எண்ணைச் சேர்த்தேன், போர்ட் வந்தது' என்பதோடு அனுப்பாமல், தகவல் போய் வருகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். 01 60 நினைவிருக்கட்டும்.

விண்டோஸில் இதே அட்டவணை ஐஎன்எஃப் என்ற எழுத்துக் கோப்பில் இருக்கிறது. நோட்பேடில் திறந்து ஒரு வரி சேர்த்துவிடலாம் போலத் தெரியும். ஒரு காலத்தில் முடிந்தது. இப்போது 64 பிட் விண்டோஸ் டிஜிட்டல் கையெழுத்தில்லாத டிரைவரை ஏற்காது. அந்தக் கையெழுத்து ஐஎன்எஃப் கோப்பையும் சேர்த்துத்தான் போட்டது. ஒரு எழுத்து மாறினாலும் செல்லாது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்தால் பிராப்பர்ட்டீஸில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். அங்கே வெண்டார் 0000, பிராடக்ட் 0002 என்று இருந்தால் டிரைவர் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கருவி தன் பேரையே சொல்லவில்லை என்பதற்கு விண்டோஸ் போட்டுவைக்கும் எண் அது. கேபிள், பவர், செருகும் வாய், இவற்றில் ஏதோ ஒன்று.

பேர் சொல்வதை யாரும் சரிபார்ப்பதில்லை என்று சொன்னேனா? சொல்லவில்லை. அதுதான் இந்த ஏற்பாட்டின் பலவீனம். 18 பைட்டில் எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதலாம். 2009இல் பாம் கம்பெனியின் ப்ரீ போன், ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருளோடு சேர்ந்து ஓடுவதற்காக ஆப்பிளின் வெண்டார் எண்ணையே சொல்லிக்கொண்டது. ஃபோரம் அது தப்பு என்று பாமிடம் சொன்னது. அதற்கு மேல் பெரிதாகச் செய்ய வழியில்லை. எண் சட்டமல்ல, மரியாதை.

இதைவிடக் கசப்பான கதை 2014 அக்டோபரில் நடந்தது. எஃப்டிடிஐ சில்லுக்குப் போலிகள் ஏராளம். மேலே அதே எழுத்து, உள்ளே வேறு சில்லு, சொல்லும் எண் அதே 0403, 6001. அந்தக் கம்பெனி விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு புது டிரைவரை அனுப்பியது. அது சில்லின் நினைவகத்தில் பிராடக்ட் ஐடி இருக்கும் இடத்தில் 0000 என்று எழுத முயன்றது. அசல் சில்லில் அந்த எழுத்து பதியாது. எழுதிக்கொள்ளும் முறை வேறு. போலிச் சில்லு அப்படியே பதிந்துகொண்டது. அன்றிலிருந்து அது எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் 0403, 0000 என்றது. விண்டோஸுக்கும் தெரியவில்லை, லினக்ஸுக்கும் தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கியவர்களில் பலருக்குத் தங்கள் கருவிக்குள் இருப்பது போலி என்பதே தெரியாது. கூச்சல் எழுந்ததும் அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றார்கள். லினக்ஸ் ஆட்கள் வேறு மாதிரி பதில் சொன்னார்கள்: தங்கள் டிரைவரின் அட்டவணையில் 0000 என்ற பிராடக்ட் எண்ணையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டார்கள். அந்த வரிக்கு வைத்த பேரில் 'செங்கல்' என்ற அர்த்தம் வரும் ஆங்கிலச் சொல் இருக்கிறது. செயலிழந்த கருவியை அப்படித்தான் சொல்வார்கள். போலி செய்கிறவன்மேல் கோபப்படுவது நியாயம், ஆனால் அடி விழுந்தது வாங்கியவன் தலையில் என்பதுதான் என் கருத்து.

வேண்டுமென்று இல்லாமலும் எண்கள் மோதும். ஆர்டுயினோவின் மலிவு நகல்களில் சிஎச்340 என்ற சீனச் சில்லு இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிக் காட்பாடி ரயிலில் வந்து இறங்கும் புராஜெக்ட் போர்டுகளில் இது சர்வ சாதாரணம். அதே சில்லைக் கண் பார்வை இல்லாதவர்கள் பயன்படுத்தும் ஒரு பிரெயில் கருவியும் உள்ளே வைத்திருக்கிறது, எண்ணைக்கூட மாற்றாமல். 2022இல் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுன்டுவின் 22.04 பதிப்பு வந்தபோது, அதில் இருந்த பிரெயில் மென்பொருள் அந்த எண்ணைப் பார்த்ததும் 'நம் ஆள்' என்று பிடித்துக்கொண்டது. ஆர்டுயினோவைச் செருகினால் போர்ட் ஒரு நொடி வந்து மறைந்தது. இணையத்தில் கிடைத்த வைத்தியம் பிரெயில் மென்பொருளை நீக்கிவிடு என்பது. நமக்கு அது வசதி. அந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிற இன்னொருவருக்கு அதுதான் கண். நீக்குவதைவிட, அதன் யூடெவ் விதியில் அந்த ஒரு வரியை மட்டும் கமென்ட் செய்து முடக்குவது நாகரிகம். தவறு பிரெயில்காரர்கள்மேல் இல்லை. சில்லின் பொது எண்ணோடு பொருளை விற்றவர்கள் தனி எண் வாங்கியிருந்தால் சண்டையே இல்லை.

தனி எண் வாங்க என்ன செலவு? ஃபோரத்தில் உறுப்பினராக இல்லாமல் வெண்டார் ஐடி மட்டும் வாங்கினால் 6,000 டாலர். நூறு போர்டு செய்து விற்க நினைக்கும் சின்னக் கம்பெனிக்கு அது போர்டுகளின் மொத்த விலையைவிட அதிகமாகப் போய்விடும். அதனால்தான் கல்லூரிப் புராஜெக்ட்டுகளில் வாய்க்கு வந்த எண்ணை எழுதிவிடுகிறார்கள். தேவையில்லை. எஃப்டிடிஐ, மைக்ரோசிப் போன்ற சில்லுக் கம்பெனிகள் தங்கள் வெண்டார் எண்ணுக்குக் கீழே பிராடக்ட் எண் ஒதுக்கித் தருகின்றன. திறந்த மூல வன்பொருளாக இருந்தால் பிஐடி கோட்ஸ் என்ற ஏற்பாட்டில் 1209 என்ற வெண்டார் எண்ணுக்குக் கீழே இலவசமாக ஒரு எண் கிடைக்கும். ஃபோரம் அதை ஆசீர்வதிக்கவில்லை, ஆனால் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். மேசைச் சோதனைக்கு மட்டும் என்றால் அதே 1209இல் 0001 போன்ற சில எண்களைப் பொதுவில் விட்டுவைத்திருக்கிறார்கள். அதோடு பொருளை வெளியே விற்கக் கூடாது. இன்னும் எளிய வழி, கருவியைச் சிடிசி என்ற பொது கிளாஸில் பேச வைத்துவிடுவது. விண்டோஸ் 10 முதல் அதற்கு டிரைவர் தானாக ஏறும், லினக்ஸில் எப்போதும் உண்டு. அட்டவணையில் எண் தேடும் வேலையே மிச்சம்.

டேனரிக் கதை அதோடு முடியவில்லை. முதல் மெஷின் நன்றாக ஓடியதால், கெமிக்கல் எடை போடவும் அதே மாடலில் இன்னொன்று வாங்கினார்கள். அதே வெண்டார், அதே பிராடக்ட். 18 பைட்டில் சீரியல் எண்ணுக்கும் ஒரு இடம் உண்டு, அதை நிரப்பியிருந்தால் இரண்டையும் பிரித்து அறியலாம். இரண்டு மெஷினிலும் அது காலி. முதலில் விழிப்பது போர்ட் 0, அடுத்தது போர்ட் 1. ஒருநாள் கரன்ட் போய் வந்தபின் வரிசை மாறிவிட்டது. கெமிக்கல் பக்கம் 40 கிலோ தோல், தோல் பக்கம் மூன்றரைக் கிலோ என்று திரையில் வந்தது. நல்லவேளை, சூப்பர்வைசர் கண்ணில் பட்டது. "மூன்றரைக் கிலோவுல மாடு ஏது சார்?" என்று போனில் கேட்டார்.

எண்ணால் பிரிக்க முடியாது என்று ஆனபின், எந்த வாயில் செருகியிருக்கிறது என்பதை வைத்துப் பேர் கொடுக்கும்படி விதியை மாற்றினேன். லினக்ஸ் அதற்கு வழி வைத்திருக்கிறது. குறை ஒன்றுதான்: சுத்தம் செய்யும்போது கேபிளை மாற்றிச் செருகினால் மறுபடி அதே கூத்து. அதனால் கம்ப்யூட்டரின் பின்பக்கம் ஒரு வாய்க்கு மேலே மார்க்கரில் 'தோல்' என்றும் பக்கத்து வாய்க்கு மேலே 'கெமிக்கல்' என்றும் சூப்பர்வைசர் எழுதிவைத்தார். கேபிள்களிலும் எழுதியிருக்கிறார்.